மடை திறக்கும் விந்தையைக் கண்ட மேதை ஆகஸ்ட் குரோக்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

அறிவியல் மேதைகளுள் சிலருடைய பெயர் நாடெங்கும் ஒலிக்கிறது. லூயி பாஸ்டர், ஐன்ஸ்டீன், சர் சி.வி. இராமன் ஆகியோரை அறியாத மாணவர் இல்லை. வேறு சிலரோ நம் வீட்டுக்குள்ளேயே வந்து நாள்தோறும் தொண்டு செய்கிறார்கள்; ஆனால் அவர்களுடைய பெயர் நமக்குத் தெரிவதில்லை. டென்மார்க் நாட்டு உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோக் அத்தகையவர். நம் ஊர்களில் மண்பானைக் குளிர்ச்சியில் காக்கப்படும் இன்சுலின் புட்டியின் வரலாற்றில் அவருக்குப் பங்கு உண்டு. நாள்தோறும் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறாரே, அந்த நடையின் காரணத்தை உடம்புக்குள் தேடிக் கண்டவர்களிலும் அவர் முன்னோடி.

இவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நாடு முழுவதும் நடந்த பேராய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. இருபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நீரிழிவு உடையோர் எந்தப் பகுதியில் மிகுதி என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். முதலிடம் கோவா, நூற்றுக்கு 26.4 பேர். அடுத்த இடம் நம் புதுவை, நூற்றுக்கு 26.3 பேர். அஃதாவது நால்வரில் ஒருவர்! பரிசு மேடையில் இரண்டாம் இடம் பெற்றால் மகிழலாம். இந்த இரண்டாம் இடத்தை எண்ணி மகிழ முடியுமா? ஆகவே, இந்நோயோடு தம் அறிவாலும் தம் இல்லத்திலும் போராடிய ஒருவரின் வரலாறு நமக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

துறைமுக ஊர்ப் பிள்ளை

ஆகஸ்ட் குரோக் 1874ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள், டென்மார்க்கின் ஜட்லாண்டுப் பகுதியில் கிரெனோ என்னும் துறைமுகச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் விகோ குரோக் கப்பல் கட்டுபவர். மகனுக்கோ கப்பலைவிட வண்டும் பூச்சியும் செடியுமே பெரிதாகத் தெரிந்தன. பூச்சி எப்படி மூச்சு விடுகிறது, எப்படி நகர்கிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

1893இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். ஆனால் சிறிது காலத்திலேயே விலங்கியலுக்கு மாறிவிட்டார். நம்மில் பலர் மருத்துவத்தில் இடம் கிடைக்காமல் விலங்கியலுக்கு வருகிறோம். குரோக்கோ கிடைத்த மருத்துவத்தை விட்டுவிட்டு விலங்கியலுக்கு வந்தவர்! இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை நம் துறைத் தோழர்கள் புரிந்துகொள்வார்கள்.

வில்லியம் சோரன்சன் என்ற விலங்கியல் அறிஞர் குடும்ப நண்பர். அவர் காட்டிய வழியில் கிறிஸ்டியன் போர் என்ற பேராசிரியரின் உடலியல் விரிவுரைகளைக் கேட்கச் சென்றார் குரோக். இந்தப் போர், அணுவின் அமைப்பை விளக்கிய நீல்ஸ் போரின் தந்தையார். 1897இல் குரோக் அவருடைய ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார்.

தவளை நுரையீரலாலும் தோலாலும் சுவாசிக்கிறது என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் எந்த வாயு எந்த வழியாகச் செல்கிறது? இதைத் துல்லியமாக அளந்தவர் குரோக்தான். ஆக்சிஜனைப் பெறுவதில் நுரையீரலின் பங்கே ஏற்றத்தாழ்வுடன் மாறுகிறது என்றும், கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் தோல் வழியாகவே வெளியேறுகிறது என்றும் நிறுவி, 1903இல் டாக்டர் பட்டம் பெற்றார். தேவையான கருவிகளைக் கடையில் வாங்காமல் தாமே வடிவமைத்துச் செய்துகொள்வது அவருடைய வழக்கம். கப்பல் கட்டியவரின் கைத்திறன் மகனிடம் இப்படி வெளிப்பட்டது போலும்.

ஆசிரியரை மறுத்த மாணவர்

1905இல் மருத்துவ மாணவியான மரீ யோர்கன்சனைக் குரோக் மணந்தார். மரீ பட்டம் பெற்று மருத்துவரானார். கணவரோடு சேர்ந்து ஆராய்ச்சியும் செய்தார். 1908இல் இருவரும் கிரீன்லாந்துக்குச் சென்று, பெரும்பாலும் இறைச்சியையே உண்டு வாழும் இனூயிட் மக்களின் உணவையும் உடலையும் ஆராய்ந்தனர். 1914இல் மரீயும் நுரையீரல் ஆய்வுக்காக டாக்டர் பட்டம் பெற்றார். ஒரு மகனையும் மூன்று பெண்களையும் வளர்த்துக்கொண்டே இத்தனையும் செய்தார் என்பதை நம் கல்லூரி மாணவியர் கவனிக்க வேண்டும்.

அக்காலத்தில் ஒரு பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு ஆக்சிஜன் எவ்வாறு செல்கிறது? சுரப்பி நீரைச் சுரப்பதுபோல நுரையீரல் ஆக்சிஜனை இரத்தத்துக்குள் தள்ளுகிறது என்பது பேராசிரியர் போரின் கொள்கை. குரோக்கும் முதலில் அதை நம்பினார். ஆனால் தாமே செய்த கருவியால் இரத்தத்திலும் நுரையீரலிலும் வாயுக்களின் அழுத்தத்தை அளக்க அளக்க, ஐயம் எழுந்தது. இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் நுரையீரலில் உள்ளதைவிட ஒருபோதும் மிகவில்லை. உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு நீர் பாய்வதுபோல, ஆக்சிஜன் தானாகவே பரவுகிறது. தள்ளுவார் எவருமில்லை!

கணவனும் மனைவியும் சேர்ந்து சோதித்துச் சோதித்துப் பார்த்தார்கள். 1910இல் ஏழு கட்டுரைகளை ஒருசேர வெளியிட்டு இதனைக் குரோக் நிலைநாட்டினார். தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் கொள்கையை மறுப்பது எளிதன்று. ஆசிரியருக்குரிய மதிப்பைக் குறைக்காமல், ஆனால் உண்மையையும் மறைக்காமல் அவர் அதைச் செய்தார். நம் ஆசிரியப் பெருமக்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கழனிக்கு நீர் பாயும் வழி

ஒரு கேள்விக்கு விடை கண்டால் மறு கேள்வி பிறப்பது அறிவியலின் இயல்பு. ஆக்சிஜன் தானாகப் பரவுகிறது என்றால், ஓய்வில் இருக்கும் தசைக்கும் ஓடியாடி உழைக்கும் தசைக்கும் ஒரே வழியில் அது எப்படிப் போதும்? உழைக்கும் தசைக்குப் பல மடங்கு ஆக்சிஜன் தேவை அல்லவா?

இதை நம் ஊர்க் கழனியை வைத்து விளக்குகிறேன். இதயம் ஏரி, தமனிகள் பெரிய வாய்க்கால்கள். அவை கிளைத்துக் கிளைத்து, முடிவில் தலைமயிரைவிட மெல்லிய தந்துகிகளாகின்றன. சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் செல்லும் அளவே அவற்றின் அகலம். கழனியின் பயிருக்கு நீர் தருவது பெரிய வாய்க்கால் அன்று. வரப்போரம் ஓடும் சிறு கால்வாயே. அதுபோலத் தசைக்கு ஆக்சிஜனும் குளுக்கோசும் தருபவை தந்துகிகளே. கால்வாயிலிருந்து தொலைவில் நிற்கும் பயிர் வாடும். தந்துகியிலிருந்து தொலைவில் உள்ள தசைநார் மூச்சுத் திணறும்.

குரோக் இத்தொலைவைக் கணக்கிட விரும்பினார். அதற்கு வேண்டிய சமன்பாட்டை ஏர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர் அமைத்துத் தந்தார். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றி, தொலைபேசி இணைப்புகளின் நெரிசலைக் கணக்கிடும் முறையைக் கண்டவர் அவர். தொலைபேசிக் கணக்கரும் தசை ஆய்வாளரும் கைகோத்த அழகைப் பாருங்கள்! ஒரு தந்துகி தன்னைச் சுற்றியுள்ள உருளை வடிவத் தசைப் பகுதிக்கு ஆக்சிஜன் தருவதாக அமைந்த அந்தக் கணக்கு இன்றும் குரோக்கின் உருளை என்றே வழங்குகிறது.

கணக்கு மட்டும் போதுமா? கண்ணால் காண வேண்டாமா? உயிருள்ள விலங்கின் இரத்தத்தில் கருமையைச் செலுத்தி, பின் தசையை மெல்லிய சீவல்களாக வெட்டி, கருமை புகுந்த தந்துகிகளை நுண்ணோக்கியில் எண்ணினார். கினி எலியின் ஓய்ந்திருந்த தசையில், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் சில பத்துகள் முதல் சில நூறுகள் வரையே கருமை ஏறியிருந்தன. உழைத்த தசையிலோ அந்த எண்ணிக்கை 2000ஐத் தாண்டியது! தவளையின் நாக்கை உயிரோடு நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தந்துகிகள் திறப்பதையும் மூடுவதையும் நேரே கண்டார்.

ஓய்வில் தசையின் பெரும்பாலான மடைகள் அடைபட்டுக் கிடக்கின்றன. உழைப்பே அவற்றைத் திறக்கிறது. இதுதான் குரோக் 1919இல் உலகுக்கு அறிவித்த செய்தி. இதற்காகவே 1920ஆம் ஆண்டுக்குரிய உடலியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

மேதையின் கூற்று என்பதால் அறிவியல் அதை அப்படியே வைத்துப் பூசை செய்வதில்லை. குரோக் தம் ஆசிரியரைத் திருத்தியதுபோலப் பின்வந்தவர்கள் குரோக்கையும் திருத்தினார்கள். ஓய்விலும் பெரும்பாலான தந்துகிகளில் இரத்தம் மெதுவாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உழைக்கும்போது அவற்றுக்கு முன்னுள்ள நுண்தமனிகள் விரிந்து ஓட்டத்தை விரைவாக்குகின்றன என்பதே இன்று பலரும் கொள்ளும் கருத்து. மடை முற்றும் அடைபட்டதா, சிறிதே திறந்ததா என்பதில்தான் வேறுபாடு. தசை கேட்டால் ஒழிய வெள்ளம் வராது, தசை உழைத்தால் ஒழியக் கேட்காது என்ற அடிப்படை மாறவில்லை.

வீட்டுக்குள் புகுந்த நோய்

நோபல் பரிசின் மகிழ்ச்சி அடங்குமுன் குரோக்கின் இல்லத்தில் கவலை புகுந்தது. மனைவி மரீக்கு 1921இல் நீரிழிவு இருப்பது தெரிந்தது. இளம் பிள்ளைகளைத் திடீரென்று தாக்கும் கொடிய வகையன்று அது. நடுத்தர வயதில் மெல்ல வரும் வகை. நம் ஊர்களில் மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகையை ஒத்தது. மரீ தாமே மருத்துவர் ஆகையால் நோயின் போக்கை நன்கு அறிந்திருந்தார்.

அக்காலத்தில் இதற்கு மருந்து இல்லை. கடும் உணவுக் கட்டுப்பாடே சிகிச்சை. உழைப்பும் நன்மை தரும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். நம் நாட்டின் பழைய மருத்துவ நூலான சுசுருத சம்கிதை, இந்நோய் உடையவர்கள் நெடுந்தொலைவு நடக்கவும் கிணறு தோண்டவும் வேண்டும் என்று விதிக்கிறது. நம் புதுவையை அந்நாளில் ஆண்ட பிரான்சு நாட்டில், 19ஆம் நூற்றாண்டில் பூசார்தா என்ற மருத்துவ அறிஞர் தம் நோயாளிகளை உடலுழைப்பில் ஈடுபடுத்தினார். பயன் தெரிந்திருந்தது, ஆனால் உடம்புக்குள் நடப்பது தெரியவில்லை.

1922ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தந்துகிகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றக் குரோக்குக்கு அழைப்பு வந்தது. மரீயும் உடன் சென்றார். கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் பேராசிரியர் மக்ளியோடின் ஆய்வுக்கூடத்தில் கணையத்திலிருந்து ஒரு மருந்து பிரித்திருப்பதும், அவ்வாண்டு சனவரியில் சாவின் விளிம்பில் இருந்த ஒரு சிறுவனுக்கு அதைச் செலுத்தியதும் மருத்துவ உலகின் பேச்சாக இருந்தன. அதுவே இன்சுலின். டொராண்டோவுக்குப் போயே தீர வேண்டும் என்று கணவரைத் தூண்டியவர் மரீதான்.

நவம்பரில் குரோக் டொராண்டோ சென்று மக்ளியோடைக் கண்டார். இன்சுலின் செய்யும் முறையைக் கற்று, ஸ்காண்டிநேவிய நாடுகளில் அதைத் தயாரிக்கும் இசைவும் பெற்றுத் திசம்பரில் ஊர் திரும்பினார். திரும்பிய உடனே, மரீயின் மருத்துவரான ஹேகடோர்னுடன் சேர்ந்து மாட்டின் கணையத்திலிருந்து இன்சுலின் பிரிக்கும் வேலையைத் தொடங்கிவிட்டார். ஆகஸ்ட் கோங்ஸ்டெட் என்ற மருந்து நிறுவன உரிமையாளர் பொருள் உதவி செய்தார். 1923 மார்ச்சில் டென்மார்க் நோயாளிகளுக்கு இன்சுலின் கிடைத்தது. கப்பலைவிட்டு இறங்கி மூன்றே மாதம்!

அவ்வாண்டே நோர்டிஸ்க் இன்சுலின் ஆய்வுக்கூடம் உருவாயிற்று. தனியார் இலாபத்துக்காக அன்றி, மிஞ்சும் பணம் ஆராய்ச்சிக்கும் நோயாளிகளுக்கும் பயன்படுமாறு அது அமைக்கப்பட்டது. குரோக்கின் ஆய்வுக்கூடத்துக் கருவியாளர் ஹரால்டு பெடர்சனும் அவர் தம்பி தோர்வால்டும் பிரிந்து சென்று 1925இல் நோவோ என்ற போட்டி நிறுவனத்தை ஏற்படுத்தினர். அரை நூற்றாண்டுக்கு மேல் போட்டியிட்ட இரண்டும் 1989இல் இணைந்து நோவோ நோர்டிஸ்க் ஆயின. நம் மருந்துக் கடைகளில் அப்பெயரைக் கண்டிருப்பீர்கள். ஒரு மனைவியின் நோயும் ஒரு கணவரின் அன்பும் அப்பெயருக்குப் பின்னால் இருப்பதை இனி நினைத்துக்கொள்வோம்.

மரீ அதன்பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். 1943இல் அவர் உயிரைக் கவர்ந்தது நீரிழிவு அன்று, புற்றுநோய்.

இறுதி நாட்கள்

டென்மார்க்கை 1940இல் செர்மானிய நாசிப் படை பிடித்தது. குரோக்குக்கு ஆபத்து நெருங்கவே 1944இல் அண்டை நாடான சுவீடனுக்குத் தப்பிச் சென்றார். மறு ஆண்டு போர் ஓய்ந்ததும் திரும்பினார். பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் அவர் ஓயவில்லை. வீட்டோடு ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டு, வெட்டுக்கிளி எவ்வாறு பறக்கிறது என்று ஆராயத் தொடங்கினார். பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த கிரெனோ ஊர்ச் சிறுவன் எழுபது வயதுக்கு மேலும் அவருக்குள் இருந்தான்! 1949ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13ஆம் நாள் கோபன்ஹேகனில் இயற்கை எய்தினார். இளைய மகள் போடில், பின்னாளில் அமெரிக்க உடலியல் கழகத்தின் முதல் பெண் தலைவராக 1975இல் பொறுப்பேற்றார்.

இரண்டு பணிகளும் சேரும் இடம்

தந்துகி ஆய்வும் இன்சுலின் தொண்டும் குரோக்கின் வாழ்வில் இரண்டு தனிப் பணிகளாகத் தோன்றலாம். அவை நீரிழிவுக்காரரின் உடம்புக்குள் ஒன்று சேர்கின்றன என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் தெளிவாக்கின.

நீரிழிவைச் சர்க்கரையின் நோய் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது இரத்தக் குழாய்களின் நோயும் ஆகும். கண் மங்குவதும் சிறுநீரகம் கெடுவதும் நுண்குழாய்கள் பழுதாவதால். மாரடைப்பும் பக்கவாதமும் பெருங்குழாய்கள் பழுதாவதால். காலிலோ உணர்வும் மரத்து, இரத்தமும் குறைந்து, சிறு முள் குத்தினாலும் புண் ஆறுவதில்லை. குழாய்களின் உட்புறத்தில் ஒரே அடுக்கில் அமைந்த மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்து குழாயை விரியச் செய்கிறது. இவ்வுண்மையைக் கண்ட மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் இப்படலம் கெட்டு, அவ்வாயு குறைந்து, குழாய் விரியும் திறனை இழக்கிறது.

இதை வலியின்றி அளக்கவும் வழி உண்டு. மேற்கையின் தமனியை ஒலியலைக் கருவியால் பார்த்துக்கொண்டே, கையில் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் இறுக்கிப் பின் தளர்த்துவார்கள். இரத்தம் திரும்பப் பாயும்போது நல்ல தமனி உடனே விரியும். கெட்ட தமனி சோம்பி நிற்கும். இரண்டாம் வகை நீரிழிவு உடையோர் வாரக்கணக்கில் முறையாகப் பயிற்சி செய்தபின் அளந்தால், இந்த விரியும் திறன் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. காரணம் எளிது. நடக்கும்போது இரத்தம் விரைந்தோடிக் குழாயின் உட்சுவரை உரசுகிறது. அந்த உரசலே படலத்தை எழுப்பி நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்கிறது. தொடர்ந்து பயிற்சி செய்தால் தசையில் புதிய தந்துகிகளும் முளைக்கின்றன. பழைய மடைகள் நன்கு திறப்பதோடு புதுக் கால்வாய்களும் வெட்டப்படுகின்றன!

இன்னொரு விந்தையும் உண்டு. தசைக்குள் குளுக்கோசு நுழைய இன்சுலின் என்னும் சாவி வேண்டும். நீரிழிவில் அந்தச் சாவி சரியாகத் திருகுவதில்லை. ஆனால் தசை சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பாராமலே கதவு திறந்து குளுக்கோசு உள்ளே போகிறது. அப்பயன் ஒன்று இரண்டு நாட்கள் வரை நிற்கும், பின் மறையும். ஆகவேதான் வாரத்துக்கு 150 நிமிடமாவது விரைந்து நடக்க வேண்டும், தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

நோய் வருமுன்னே தடுக்கவும் இவ்வழி உதவும். சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்தார்கள். வெறும் பொது அறிவுரை பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவில் விழுந்தனர்; உணவும் நடையும் திருத்திக்கொண்டவர்களில் சுமார் 39 பேரே விழுந்தனர். நடைக்கு எதையும் மாற்றும் மந்திர ஆற்றல் இல்லை. ஆனால் நூற்றுக்குப் பதினாறு குடும்பங்களின் கவலை சிறிய தொகையா?

நம் கொம்யூன்களின் கதை

என் ஊர் உறுவையாறு. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் மற்ற ஊர்களைப் போலவே கழனியை நம்பிய ஊர். என் ஆயா காலத்தில் நடவுக்கும் களை பறிக்கவும் அறுப்புக்கும் காலும் கையுமே கருவிகள். இன்று நாற்று நடவும் அறுக்கவும் இயந்திரம் வருகிறது. கடைத்தெருவுக்குப் போக இருசக்கர வண்டி இருக்கிறது. முதுகு முறியும் வேலை குறைந்தது நல்லதே. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் வேலை போன இடத்தில் நடை வரவில்லை. சோற்றின் அளவும் குறையவில்லை.

என் தந்தையார் கழனிக் கூலியாக இருந்தவர்; சில ஆண்டுகளாக ஒரு கிடங்கில் இரவுக் காவலர். நாற்காலி வேலை. சர்க்கரை இருப்பது தெரிந்து மருத்துவர் நடக்கச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. வாழ்நாளெல்லாம் வரப்பில் நடந்த தமக்கு இனியும் நடை எதற்கு என்றார். நடைப்பயிற்சி கடற்கரைச் சாலையில் காலணி மாட்டிக்கொண்டு நடக்கும் நகரத்தாருக்கு உரியது என்பது எங்கள் தெருவின் எண்ணம். பெண்களுக்கு இன்னும் கடினம். கையில் குடமோ கூடையோ இல்லாமல் ஒரு பெண் தெருவில் நடந்தால், எங்கே போகிறாய் என்று பத்துப் பேர் கேட்பார்கள். நடப்பதற்காகவே நடக்கிறேன் என்று சொல்ல என் தாயாருக்கு நாணம்.

அந்த எண்ணத்துக்கு விடை குரோக்கின் நுண்ணோக்கியில் இருக்கிறது. மடை அன்றன்றைய உழைப்புக்கு அன்றன்றே திறப்பது. சென்ற ஆண்டு பாய்ந்த நீர் இந்த ஆண்டுப் பயிரைக் காக்காது. சென்ற காலத்து உழைப்பும் இன்றைய நாளத்தைக் காக்காது. இதைக் கழனி மொழியில் சொன்னபோது என் தந்தையார் சிரிக்கவில்லை; யோசித்தார். இப்போது காலையில் வேலை முடிந்து வரும்போது இரண்டு நிறுத்தம் முன்பே பேருந்தைவிட்டு இறங்கி நடந்து வருகிறார். தாயாரும் பக்கத்து வீட்டு அத்தையும் சேர்ந்து அந்தியில் நடக்கிறார்கள். இருவராகப் போனால் கேள்வி குறைகிறதாம்!

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். என் பெரியப்பா ஒருவர் காலில் முள் குத்தியது தெரியாமலே இருந்து, புண் முற்றி, ஒரு விரலை இழந்தார். ஆகவே உணர்வு குறைந்த காலோடு வெறுங்காலில் நடக்கக் கூடாது. எம்.சி.ஆர். செருப்புப் போன்ற மெத்தென்ற காலணி அணிந்து, நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தொலைவு நடந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். கையில் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். மார்பு வலி உள்ளவர்களும், கண்ணின் நாளங்கள் கெட்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்பே பயிற்சி தொடங்க வேண்டும். நடை மருந்துக்குத் துணையே அன்றி மாற்று அன்று. தம் மனைவிக்காக இன்சுலினைக் கடல் கடந்து கொண்டுவந்த குரோக்கின் வரலாறே இதற்குச் சான்று.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சிறப்பு முகாமில் மரம் நடுவதோடு, ஊருக்கு ஒரு மாலை நடைக் குழுவையும் நட்டு வருவோம். பாட்டிமார்களின் உள்ளங்காலைப் பார்த்துச் சொல்ல மாணவர்கள் போதும். பெரிய படிப்புத் தேவையில்லை. நம் வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் நம்மில் பலர். மருத்துவர் எழுதித் தரும் சீட்டை வீட்டில் படித்துச் சொல்பவர்களும் நாமே. அந்தச் சீட்டில் மருந்தின் பெயருக்குக் கீழே நடைப்பயிற்சி என்று எழுதியிருக்கும் ஒரு சொல்லையும் விட்டுவிடாமல் படித்துச் சொல்வோம். அதற்குப் பின்னால் ஒரு மேதையின் வாழ்க்கை இருக்கிறது.